‘கஸ்’: திட்டா, சாபமா, ஆளா?

வரிமொழி:
1870களின் அமெரிக்க மேற்குப் பகுதியில் நடக்கும் ஆங்கிலக் கதையொன்றை மொழிபெயர்க்கிறேன். ஒருவன் ‘கஸ்’ (cuss) செய்கிறான், சமையல்காரனை ‘கஸ் அவுட்’ செய்கிறான், கடைசியில் கோவேறு கழுதையையே ‘கஸ்’ என்கிறான். மூன்றும் ஒரே சொல்தானா? ‘டிஸ்கஸ்’ஸோடு உறவு உண்டா?

வேர்ச்சொல்:
‘டிஸ்கஸ்’ லத்தீன் வழி வந்தது, உறவே இல்லை. ‘கஸ்’ என்பது சாபத்தைக் குறிக்கும் ‘கர்ஸ்’தான், ‘ஸ்’ஸுக்கு முன்னால் ‘ர்’ உதிர்ந்துவிட்டது. வெடிப்பதைச் சொல்லும் ‘பர்ஸ்ட்’ ‘பஸ்ட்’ ஆனதும், குதிரை ‘ஹார்ஸ்’ நாட்டுப்புறப் பேச்சில் ‘ஹாஸ்’ ஆனதும் இப்படித்தான். நாமும் ‘பார்த்தான்’ என்பதை ‘பாத்தான்’ என்கிறோம், ஆனால் ‘பார்வை’யில் ‘ர்’ அப்படியே நிற்கிறது. அடுத்து வரும் எழுத்துதான் தீர்மானிக்கிறது.

அமெரிக்கர்கள் ‘ர்’ரை அழுத்திச் சொல்பவர்களாயிற்றே என்று பலர் இங்கே குழம்புவார்கள். தென் இங்கிலாந்தில் ‘கார்’ ‘கா’ ஆனது 18ஆம் நூற்றாண்டில் பரவிய வேறொரு மாற்றம். ‘ஸ்’ஸுக்கு முன் ‘ர்’ உதிர்வது அதைவிட மிகப் பழையது. குடியேறிகளோடு கடல் தாண்டியது.

தாள்திருத்தி:
மொழிபெயர்ப்புக்கு வருகிறேன். வெறும் ‘கஸ்’ என்றால் கெட்ட வார்த்தை பேசினான், அவ்வளவுதான். எதிரே ஆள் இருக்க வேண்டியதில்லை. ‘கஸ் அவுட்’ என்றால் ஆளை நிறுத்திவைத்துத் திட்டித் தீர்ப்பது. அங்கே ‘வண்டை வண்டையாகத் திட்டினான்’ சரியாக உட்காரும்.

கழுதை விஷயம் தனி. இப்படி ஒரு ஆளையோ விலங்கையோ குறிக்கும் பெயர்ச்சொல்லாக வரும்போது ‘கஸ்’ வசவு அல்ல, சண்டி. 1775 வாக்கிலேயே இந்தப் பொருள் பதிவாகியிருக்கிறது. திட்டுவது என்ற வினைப்பொருள் எழுத்தில் வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். மனிதனைச் சொன்னால் ‘முரண்டு பிடித்த ஆள்’. சில இடங்களில் பாசமும் ஒட்டியிருக்கும், ஆகவே ‘சனியன்’ என்று கூர்மையாக்கிவிடாதீர்கள். ‘கஸ்ஸட்னெஸ்’ வந்தால் ‘அழிச்சாட்டியம்’ போடுங்கள், அதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை.

வரிமொழி:
நன்றி. சூனியக்காரி ஊரைச் சபிக்கும் இடத்தில் மூலத்தில் ‘கர்ஸ்’தான் இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றுதானே?

வேர்ச்சொல்:
இல்லை. ‘கர்ஸ்’ஸுக்குச் சாபம், வசவு இரண்டும் உண்டு. ‘ஸ்வேர்’ என்றால் சத்தியம் செய்வதும் திட்டுவதும். ‘கஸ்’ஸிடம் சாபமும் கிடையாது, சத்தியமும் கிடையாது. அவள் ஊரை ‘கஸ்’ செய்தால் ஊர் காதைப் பொத்திக்கொள்ளும்; பயிர் கருகாது.