வாத்தியார் சொன்னது இரண்டு வரி, நான் எடுத்துப் போட்டது இரண்டு சொல்

அனுப்பானடி:

அடுத்தவர் சொன்னதை எடுத்துச் சொல்லப் போய், அதனால் ஏதாவது நடந்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். தப்பு என் பக்கம்தான்.

மதுரை டவுன் ஹால் ரோடு பக்கம் ஓர் அச்சகத்தில் டைப் செட்டிங் வேலை பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று நாள் முழுக்க அடுத்தவர் எழுதிக் கொடுத்ததைத்தான் தட்டுகிறேன். பெயரில் ஓர் எழுத்து மாறினால் அடித்த தாள் மொத்தமும் வீண் என்பது தெரியும். அந்தக் கவனம் தெருக் குழுவில் எழுதும்போது இல்லாமல் போய்விட்டது.

எங்கள் தெருவில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிய நாளிலிருந்தே மைக்செட் ஓடும். போன தடவை அதே நாட்களில் பிளஸ் டூ பரீட்சையும் வந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: "பரீட்சை முடியும் வரை மைக்செட் வேண்டாம். முடிந்த மறுநாளிலிருந்து பொங்கல் வரை என் செலவில் வைத்துக்கொள்ளலாம்."

திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வாங்கும் தலைக்கட்டு வரிப் பேச்சு நடுவில் அது மேலே போய்விட்டது. ராத்திரி நான் சுருக்கிப் போட்டேன்: வாத்தியார் "மைக்செட் வேண்டாம்" என்கிறார், மற்றவர்கள் சொல்லுங்கள். அந்த இரண்டு சொல்லுக்கும் முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டுத் தடித்த எழுத்தாகவும் ஆக்கினேன். எல்லார் கண்ணிலும் படட்டும் என்றுதான் செய்தேன்.

விடிவதற்குள் பட்டுவிட்டது. சாமி கும்பிடுவதற்கே தடை போடுகிறாரா என்று ஒருவர். வரி கொடுக்காதவருக்கு என்ன பேச்சு என்று இன்னொருவர். தெருவில் முதல் ஆளாக வரி கொடுத்தவர் அவர். குழுவில் ஒரு பதிலும் போடவில்லை. சாயங்காலம் கையில் போனோடு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, இது நான் எழுதுனதுதானா, பாருங்க."

"ஆமாங்கய்யா, உங்க வார்த்தைதான்."

"வார்த்தை என்னோடதுதான். 'பரீட்சை முடியும் வரை'ங்கிறத எங்க வச்சீங்க?"

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று ராத்திரி நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. மேற்கோள் குறியும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குறிதான் கெடுத்தது. குறி இருந்ததால்தான் எல்லாரும் அவர் சொன்னது அவ்வளவுதான் என்று நம்பினார்கள். அதில் நிபந்தனையை விட்டது நான். தடித்த எழுத்து போட்டதும் நான். அவர் சாதாரணமாகச் சொன்னது நான் போட்ட தடிமனில் அதட்டலாகிவிட்டது.

இப்போது எனக்கென்று சில பழக்கம் வைத்திருக்கிறேன். குழுவில் ஒருவர் சொன்னதை எடுத்தால், அவருடைய செய்தியையே அழுத்திப் பிடித்து அதற்குப் பதிலாக எழுதுகிறேன். தட்டினால் மூலத்துக்கே போய்விடலாம், யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். வேறு இடத்திலிருந்து எடுத்தால் வரியின் தொடக்கத்தில் > குறியும் ஓர் இடைவெளியும் போடுகிறேன். 2024 முதல் வாட்ஸ்அப்பில் அது மேற்கோளாகத் தனித்து நிற்கிறது; என் பேச்சு எது, அவர் பேச்சு எது என்று குழப்பம் வராது. நடுவில் விட்டால் மூன்று புள்ளி. தடித்த எழுத்து போட்டால், அது நான் போட்டது என்று பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். 'வரை', 'ஆனால்', 'என்றால்' என்ற சொற்கள் இருந்தால் அந்த வாக்கியத்தில் கை வைப்பதே இல்லை.

—

வைகை வடகரை:

தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கு உசிலம்பட்டிப் பக்கத்து அப்பத்தா ஒருவர் நினைவுக்கு வந்தார்.

நான் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். மாணவி ஒருத்தி ஒப்பாரிப் பாட்டு சேகரித்து ஆய்வேடு எழுதினாள். பாட்டை ஒலிப்பதிவு செய்து, வீட்டுக்கு வந்து எழுதும்போது "போனாய்ங்க" என்பதையெல்லாம் "போனார்கள்" என்று திருத்திவிட்டாள். அந்த அப்பத்தாவுக்கு மரியாதை செய்வதாகத்தான் நினைத்தாள். சரி, பாடியவரிடமே படித்துக் காட்டிவிட்டு வா என்று அனுப்பி, நானும் கூடப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து கேட்ட அப்பத்தா பாதியிலேயே கையை அசைத்து நிறுத்தினார். "இது யாரு பாடுனது தாயி? நல்லாத்தேன் இருக்கு. நான் பாடுனது இது இல்ல." மாணவியின் முகம் வாடிவிட்டது. ஊருக்குத் திரும்பி, ஒலிப்பதிவை முதலிலிருந்து கேட்டு, எல்லாப் பாட்டையும் இரண்டாவது தடவை எழுதினாள். மூன்று வாரம் ஆனது.

நன்னூல் பாயிரத்தில் ஒரு வரி உண்டு: "முன்னோர் மொழிபொருளே அன்றி அவர்மொழியும் பொன்னேபோல் போற்றுவம்". பழைய சூத்திரத்தை ஏன் அப்படியே எடுத்து வைக்கிறோம் என்பதற்குச் சொல்லும் காரணம் அது. கருத்தோடு சொல்லையும் சேர்த்துக் காக்கச் சொல்கிறது. நன்னூலை எழுதிய பவணந்தியார் முன்னோர் என்றது இலக்கண ஆசிரியர்களை. என் வகுப்பில் அந்த அப்பத்தாவையும் அதில் சேர்த்தே சொல்கிறேன்.

ஓலைச்சுவடியில் மேற்கோள் குறி கிடையாது. தொல்காப்பியத்தில் "என்ப", "என்மனார் புலவர்" என்று வந்தால், இது எனக்கு முன்னிருந்தோர் சொன்னது என்று தெரிந்துவிடும். இன்றைக்கும் நம் மொழியில் "என்று" என்ற சொல்தான் மேற்கோளை மூடுகிறது, மதுரைப் பேச்சில் "ண்டு". குறியை மறந்தாலும் மன்னித்துவிடுகிறேன்; யார் சொன்னது என்பதை மறைத்தால் ஆய்வேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். மூலத்தில் பிழை தெரிந்தாலும் திருத்தக் கூடாது. புரிவதற்காக நாமாக ஒரு சொல் சேர்த்தால் அதைப் பகர அடைப்புக்குள் [ ] வைக்க வேண்டும். நீண்ட பகுதியை உள்தள்ளித் தனிப் பத்தியாக வைத்தால் போதும், அதற்கு மேற்கோள் குறி தேவையில்லை.

—

ஒத்தக்கடை:

எங்கள் வீட்டில் இது ஒரு "நான்" செய்த வேலை. என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் பற்றி என் சின்னத் தம்பியிடம் பேசும்போது, எனக்குக் கடன் இருக்கு, இந்த வருசம் பெருசா செய்ய முடியாதுடா என்று சொன்னேன். அவன் போய்த் தங்கச்சியிடம், "அண்ணே நான் சீர் செய்ய வேண்டாம்ண்டு சொல்லுச்சு" என்றிருக்கிறான். இந்த "நான்" யார்? அண்ணனான நானா, சொன்ன தம்பியா? தங்கச்சி, அண்ணன் தானும் செய்யாமல் தம்பியையும் தடுக்கிறார் என்று எடுத்துக்கொண்டது. இரண்டு வருடம் பேச்சு இல்லை.

"தன்னால் செய்ய முடியாதுண்டு அண்ணே சொல்லுச்சு" என்று தம்பி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். காதால் கேட்டது, வேறு ஆள் சொல்லித் தெரிந்தது என்ற வித்தியாசமும் நம்மிடம் சுலபமாக உண்டு. "வர்றார்" என்றால் எனக்கே தெரியும், "வர்றாராம்" என்றால் யாரோ சொன்னது. அந்த "ஆம்" விழுந்துவிட்டால் வதந்தி சாட்சியாகிவிடும். இப்போது எங்கள் வீட்டில் முக்கியமான சேதி என்றால் நடுவில் ஆள் வைப்பதில்லை, நேரில் பேசிவிடுகிறோம்.

—

பழங்காநத்தம்:

என் உடம்பு விஷயத்தைத் தோழி ஒருத்திக்கு மட்டும் எழுதினேன். எல்லாரும் வேண்டிக்கொள்ளட்டும் என்று அவள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். ஒரு சொல் மாறவில்லை, என் பெயரும் இருந்தது. எல்லாம் சரியாக இருந்தும் எனக்கு வெளியே தலைகாட்டக் கூச்சமாக இருந்தது. போடலாமா அக்கா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

—

அனுப்பானடி:

அக்கா சொன்னதைத்தான் நானும் கடைசியில் செய்தேன். மன்னிப்புக் கேட்டு எழுதியதைக் குழுவில் போடும் முன் வாத்தியார் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். "என் பெயரை முதலில் போடுங்க, அப்புறம் நான் சொன்னதைப் போடுங்க" என்று மட்டும் சொன்னார். அவருடைய இரண்டு வரியையும் முழுதாகப் போட்டு, முன்பு நான் விட்டது எது என்பதையும் எழுதினேன். திட்டியவர்களில் இருவர் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார்கள்.

பரீட்சை முடிந்த மறுநாள் மைக்செட் வந்தது. பொங்கலன்று உபயதாரர் பெயர் வாசிக்கும் நேரத்தில், நான் அச்சகத்தில் அடித்துக் கொடுத்த தாளைப் பார்த்து அந்த இரண்டு வரியையும் மைக்கில் வாசித்தார்கள். வாத்தியார் முளைப்பாரிப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.