‘ஏலாது’ என்று சொன்ன இடம்

நாலாம் குறுக்குத்தெரு

இதை எழுதலாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன். பெரிய விஷயம் இல்லை, ஆனால் மண்டையை விட்டுப் போகுதில்லை.

அவர் கட்டாருக்குப் போன பிறகு, 41 வயதில் ஸ்கூட்டி ஓடப் பழகினேன். லைசன்ஸ் எடுத்த கதையை விடுங்கள், எல்லோரும் பார்த்த கூத்துத்தானே. சந்தை, பள்ளிக்கூடம், மருந்துக்கடை எல்லாம் போய்வருவேன். ஏற்றம் மட்டும் கிடையாது. திருகோணமலைக் கோட்டைக்குள் மேட்டில் இருக்கும் கோணேசர் கோயிலுக்கு ஓட்டோதான்.

ஒரு வெள்ளிக்கிழமை சொல்லிவைத்த ஓட்டோ வரவில்லை. மாமி அர்ச்சனைச் சாமான் பையோடு வாசலில் நிற்கிறார். “ஸ்கூட்டியில போவமா மாமி?” என்று என் வாய் கேட்டுவிட்டது. கோட்டை வாசல் தாண்டும்வரை சுகம். ஏற்றத்தில் பாதி வழியில், நடு ரோட்டில் ஒரு மான். அங்கத்தை மான்களைத் தெரியும்தானே, ஹோர்ன் அடித்தாலும் அசையாது, நாங்கள்தான் அதன் வளவுக்குள் வந்ததுபோல் பார்க்கும். நின்றுவிட்டேன். இரண்டு காலும் தரையில். பின்னால் ஒரு வான். பிரேக்கை விட்டால் பின்னுக்கு உருளும், முறுக்கினால் பாயும். கையெல்லாம் வியர்வை. “மாமி, எனக்கு ஏலாது” என்றேன்.

மாமி ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாக இறங்கினார். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நடக்கத் தொடங்கினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மான் அவருக்கு வழிவிட்டது.

பிறகு எப்படி ஏறினேன் என்று கேட்காதீர்கள். இடது கை விட்டது, வலது கை முறுக்கியது, மாமிக்கு முன்னால் மேலே போய் நின்றேன். திரும்பி வரும்போது பேசாமல் பின்னால் ஏறி இருந்தார்.

என்னை நம்பாமல் இறங்கினாரா, பாரத்தைக் குறைக்க இறங்கினாரா? இதுதான் என் கேள்வி. இன்றுவரை கேட்கத் துணிவு வரவில்லை.

வாடைக்காற்று

அக்கா, உங்கள் மாமி சரியாகத்தான் செய்திருக்கிறா. குறைந்தது நீங்கள் பார்க்கத்தக்கதாக இறங்கினா. என் கதை வேறு.

2004 சுனாமி நேரம் எனக்கு எட்டு வயது. வீட்டில் எல்லோரும் தப்பினோம், அதைப் பற்றி அதற்கு மேல் எழுத விருப்பமில்லை. கடலுக்குள் கால் வைக்க மட்டும் பதினாலு வயதாகியும் முடியவில்லை. மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன், யோசித்துப் பாருங்கள். சித்தப்பா ஒரு ஆடி மாதம், கடல் குளம் மாதிரிக் கிடக்கும் காலம், டச் பே கரைக்குக் கூட்டிப்போனார். முதல் நாள் கணுக்கால். இரண்டு நாள் அதோடு சரி. பிறகு முழங்கால், இடுப்பு. ஒரு கிழமை கழித்து, முதுகுக்குக் கீழே கை வைத்து மிதக்கவிட்டார். “பிடிச்சிருக்கிறன்டா, பிடிச்சிருக்கிறன்டா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். காதுக்குள் தண்ணீர், அவருடைய குரல் எங்கேயோ தூரத்தில் கேட்டது. தலையைத் திருப்பினால் சித்தப்பா ஐந்தாறு முழம் தள்ளி நின்று பீடி பற்றவைக்கிறார்.

அன்றைக்கு நீந்தத் தொடங்கியவன்தான், இன்றைக்கு வள்ளத்தில் போகிறேன். ஆனாலும் அவர் பொய் சொன்னதை நினைத்தால் இப்போதும் கோபம் வரும். முடியும் என்று எனக்குக் காட்டத்தான் பொய் சொன்னார், அது விளங்குகிறது. கோபம் போகுதில்லை.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தி

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். என் அனுபவம் சிறியது: முதல் நியமனத்தில், முதல் பாடத்தில், கரும்பலகையில் 7 தர 8 54 என்று எழுதினேன். பின்வாங்கில் ஒரு பெடியன் சிரித்தான். அந்தச் சிரிப்பு முப்பது வருஷம் காதில் இருந்தது. அவ்வளவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். அல்பர்ட் பண்டூரா என்றொரு உளவியலாளர், கனடாவில் பிறந்து ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர், 2021இல் காலமானார். ஒரு வேலையைத் தன்னால் செய்யமுடியும் என்று ஒருவர் நம்புவது எங்கிருந்து வருகிறது என்று 1977இல் ஒரு கட்டுரை எழுதினார். நான்கு வழி சொன்னார். தானே செய்து பார்ப்பது, தன்னைப்போல ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் ஊக்கிச் சொல்வது, உடம்பு காட்டும் படபடப்பை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இவற்றில் வலுவானது முதலாவது. ‘உன்னால் ஏலும்’ என்ற வாய்ச்சொல், செய்து பார்த்ததற்குக் கிட்டவும் வராது. பாம்புக்குப் பயந்தவர்களை வைத்தே அவர் சோதித்தார். முதலில் வேறொருவர் பாம்பைக் கையாளுவதைப் பார்க்கவைத்து, படிப்படியாகக் கிட்டப்போய், தொட்டு, கடைசியில் தாங்களே தூக்கும்வரை கொண்டுபோனார்கள். தம்பியின் சித்தப்பா கணுக்காலில் தொடங்கியதும் அதே கணக்குத்தான், அவர் கட்டுரை படித்திருக்க மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. இந்த நம்பிக்கை வேலைக்கு வேலை வேறுபடும். சந்தைக்கு ஓடுபவருக்கு ஏற்றம் ஏலாமல் போகலாம், அதில் வெட்கமில்லை.

ஆகவே தங்கச்சி, நீங்கள் செய்யவேண்டியது: காலை ஐந்தரைக்கு எழும்புங்கள். உட்துறைமுக வீதியில் அந்த நேரம் வாகனம் குறைவு. சிறிய சரிவாகப் பார்த்து நிறுத்தி, பிரேக்கைப் பிடித்தபடி மெல்ல முறுக்கி, வண்டி இழுப்பதை உணர்ந்த பிறகு பிரேக்கை விடுங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. கொப்பியில் குறித்து வையுங்கள். மூன்றாம் கிழமை தனியே கோட்டை ஏற்றம். அதற்குப் பிறகு, பாரம் பழக, பின்சீட்டில் ஒரு அரிசிப் பை. அதற்கும் பிறகுதான் மாமி. சில்லுக் காற்றையும் பாருங்கள், பின் சில்லில் காற்றுக் குறைந்தால் ஏற்றத்தில் வண்டி இழுக்கக் கஷ்டப்படும். சப்பாத்து போட்டு ஓடுங்கள், செருப்பு வேண்டாம்.

நாலாம் குறுக்குத்தெரு

சேர், கோபிக்காதீர்கள், நான் ஸ்கூட்டி பழக்கித்தரச் சொல்லிக் கேட்கவில்லை. ஏற்றம் இப்போது ஏறுகிறேன். மாமி ஏன் இறங்கினா என்றுதான் கேட்டேன். (அரிசிப் பையை மாமிக்கு வாசித்துக் காட்டமாட்டேன்.)

கிண்ணியாக்காரி

வாத்தியார் சொன்ன மூன்றாவது வழியை அவ்வளவு லேசாகத் தள்ளக்கூடாது. சொல்வதற்கும் ஒரு விதம் இருக்கிறது.

எங்களுக்குப் பாலம் வந்தது 2009இல். அதற்கு முன்னால் பாதைக்கு, அதுதான் ஆட்களை அக்கரை சேர்க்கும் படகுக்கு, காத்திருந்து காத்திருந்தே டவுன் வேலை வேண்டாம் என்று விட்டவர்கள் எத்தனையோ பேர். பாலம் வந்த பிறகு சாக்கு இல்லை. நானும் டவுனில் ஒரு கடையில் காசாளராகச் சேர்ந்தேன். சிங்களத்தில் யாராவது வாய் திறந்தால் உடனே “பே, பே” என்பேன். ஏலாது, ஏலாது. பக்கத்தில் நிற்கிற பெடியனைக் கூப்பிடுவேன்.

கந்தளாயில் இருந்து மரக்கறி கொண்டுவரும் ஒரு வயதான அம்மா கணக்கு முடிக்க எங்கள் கடைக்கு வருவா. ஒரு நாள் நான் “பே” என்றதும், விரலை என் முகத்துக்கு முன்னால் ஆட்டி, “பே கியன்ன எப்பா. டிகக் புளுவன் கியன்ன” என்றா. பே என்று சொல்லாதே, கொஞ்சம் ஏலும் என்று சொல். சொல்லும்வரை காசைத் தரவில்லை! கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். “டிகக் புளுவன்” என்றேன், எனக்கே சிரிப்பு. காசைத் தந்தா.

அடுத்த நாளில் இருந்து யார் வந்தாலும் அந்த இரண்டு சொல்லோடு தொடங்குவேன். அதைச் சொன்னதும் எதிரில் நிற்பவர்கள் மெதுவாகப் பேசுவார்கள், அப்புறம் விளங்கும். இப்போது புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான்தான் மொழிபெயர்க்கிறேன். அந்த அம்மா ஒரு சொல்தான் தந்தா, சேர். பாம்பு ஒன்றும் தரவில்லை.

புறாமலை

எல்லோரும் ‘ஏலும்’ பக்கமே நிற்கிறீர்கள். ‘ஏலாது’ என்பதும் ஒரு அறிவுதான் என்று சொல்ல வந்தேன்.

நிலாவெளியில் இருந்து புறாமலைத் தீவுக்குப் போனோம், கூட்டாளிமார் ஐந்து பேர். வள்ளக்காரர் மிதவை அங்கியை நீட்டினார். நான் பள்ளிக்கூட நீச்சலில் இரண்டாம் இடம், வேண்டாம் என்றேன். முருகைக் கல்லைப் பார்த்துக்கொண்டே போனவன் தலையை நிமிர்த்தினால் வள்ளம் தீப்பெட்டி அளவில் தெரிகிறது. நீரோட்டம். எவ்வளவு அடித்தாலும் கரை கிட்ட வருதில்லை. வள்ளக்காரர் வந்து கயிற்றை எறிந்துவிட்டு ஏச்சுக்கூடத் தரவில்லை. “தம்பி, நீச்சல் தெரியும், கடலைத் தெரியாது” என்றார். அவ்வளவுதான், மற்றவர்களை ஏற்றப் போய்விட்டார்.

வாடைக்காற்று, உங்கள் சித்தப்பா பொய் சொன்னதில் எனக்குச் சம்மதமில்லை. நீங்கள் அந்த நேரம் பயந்து புரண்டிருந்தால்?

வாடைக்காற்று

ஐந்து முழம் அண்ணை. இடுப்பளவு தண்ணீர். எழுந்து நின்றாலே போதும். அந்த நேரம் எனக்கு அது தெரியாது, அதுதான் கோபமே.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தி

செருப்பு விஷயத்தில் ஒரு திருத்தம். பின்பட்டி உள்ள செருப்பு என்றால் பரவாயில்லை.

நாலாம் குறுக்குத்தெரு

நேற்று மாமியிடம் கேட்டுவிட்டேன். மரக்கறி வெட்டிக்கொண்டு இருந்தார், நிமிரவில்லை. “எப்ப இறங்கினன்?” என்றார். மான் நின்ற அன்றைக்கு என்றேன். “அதுவா, பைக்குள்ள இருந்து தேங்காய் உருண்டு விழப்பாத்தது பிள்ளை. அதைப் பிடிக்கத்தான் இறங்கினன்” என்று சொல்லிவிட்டு, வெங்காயத்தை எடுத்துத் தரச் சொன்னார்.

பையின் வாயை அன்றைக்கு நான்தான் கட்டினேன். இரண்டு முடிச்சு.