புதுப்பிப்பு: 12,000 மணி நேரம் பறந்திருந்தும் ஏன் கதவு திறப்பதில்லை?

ஏர்லைன் விமானிகளைச் சிறு விமான வேலைக்கு எடுக்கத் தயங்குவது வெறும் தப்பெண்ணம் என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். பாதியைத் திருத்த வேண்டியிருக்கிறது.

"ஏர்லைன் திரும்ப அழைத்தால் ஓடிவிடுவார்" என்பது தப்பெண்ணம்தான். ஒரு சீசன் இருப்பதாக எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் தணியும்.

விமானத்தின் காப்பீடு வேறு விஷயம். மொத்த மணி நேரத்தைவிட அதே மாடலில் எத்தனை மணி, கடைசி 90 நாளில் எவ்வளவு என்றுதான் காப்பீட்டாளர் முக்கியமாகப் பார்ப்பார். எனவே பயோடேட்டாவில் ஒற்றை எஞ்சின் பிஸ்டன், டெயில்வீல் (வாலடியில் சக்கரம் உள்ள விமானம்), சமீபத்திய லேண்டிங் ஆகியவற்றைத் தனித்தனி வரியாகப் போடுங்கள். விண்ணப்பிக்கும் முன்பே பாலிசியின் குறைந்தபட்ச மணிகளைக் கேட்டுவிடுவது நல்லது.

அடுத்தது, ஒப்புக்கொள்ளக் கசப்பானது: வேலைக்கான சோதனைப் பறத்தலில் ஏர்லைன் விமானிகளின் சொதப்பல். ஜெட்டில் கண் இருக்கும் உயரம் அதிகம். அந்தப் பழக்கத்தில் சிறு விமானத்தை மேலேயே ஃபிளேர் செய்து (தரை தொடும் முன் மூக்கைத் தூக்கி), வேகம் செத்து, தொப்பென்று விழவிடுவார்கள். மூக்கு பக்கவாட்டில் ஆடாமல் யா டேம்பர் என்ற தானியங்கிக் கருவி பார்த்துக்கொண்டதால், கால்கள் ரடரை (வால் சுக்கானை) மறந்திருக்கும். சர்க்யூட்டை (இறங்கும் முன் ஓடுபாதையைச் சுற்றும் வட்டத்தை) அகலமாக்கி, 3 டிகிரி சரிவில் பவரோடு இழுத்து வருவார்கள். அங்கே எஞ்சின் நின்றால் ஓடுபாதை எட்டாது. கார்ப் ஹீட் (கார்புரேட்டரில் பனி உறையாமல் சூடாக்குவது), மிக்ஸ்சர் (எரிபொருள்-காற்றுக் கலவையைச் சரிசெய்வது) இரண்டும் கைக்கு வரவே வராது.

பயிற்றுநரோடு 5 முதல் 10 மணி நேரம், அதுவும் குறுக்குக் காற்றில், பறந்துவிட்டுப் போங்கள். நேர்காணலில் ஜெட் பெருமை வேண்டாம். எடை-சமநிலைத் தாளை (விமானத்தில் ஏறும் எடையும் அது எங்கே இருக்கிறது என்பதும் பற்றிய கணக்கை) நீங்களே போட்டுக் காட்டுங்கள். ஏர்லைனில் இந்தக் கணக்குகளைப் பார்த்துத் தரும் டிஸ்பாட்சர் போன்ற தரை ஊழியர் இல்லாத இடத்தில் அதைத்தான் பார்ப்பார்கள்.