'சண்டர்' எண்ட இங்கிலிஷ் சொல்லுக்கு எங்கட பக்கம் என்ன சொல்ற?

ஆஸ்திரேலியாக் கதை ஒண்ட நம்மட பேச்சுத் தமிழுக்கு மாத்திக்கொண்டிருக்கன், மூண்டு கிழமையா ஒரே சொல்லுல நிண்டுபோச்சு. வள்ளம் ஆட ஒரு பெடியன் 'சண்டர்' பண்றான், அதாவது சத்தி எடுக்கிறான், கூட்டாளிமார் பகிடி பண்றாங்க.

வீட்டு அகராதியில இல்ல. மெல்பேர்ன்ல இருக்கிற பெரியம்மாட மகன்ட்ட கேட்டன், கப்பல்ல மேல்தட்டுல சத்தி எடுக்கிறவன் கீழ நிக்கிற ஆக்களுக்கு 'வோட்ச் அண்டர்' எண்டு கத்துறதாம், அது சுருங்கினதாம். மறுகா தேடினா அதுக்கு ஆதாரமில்ல. 1909ல இருந்து சிட்னி புல்லட்டின் பத்திரிகையில கோப்ரா சப்பாத்துப் பொலிஷ் விளம்பரத்துல வந்த 'சண்டர் லூ' எண்ட சித்திரப் பாத்திரம், அந்தப் பேர் சத்திக்கு இன்னொரு இங்கிலிஷ் சொல்லான 'ஸ்பியூ'வோட ஓசை ஒத்து வாறதால இந்தச் சொல் அதில இருந்து வந்திருக்கும் எண்டுறாங்க, எனக்கும் அதுதான் சரியாப் படுது.

'வாந்தி' போட்டா ஆஸ்பத்திரித் துண்டு மாதிரி இருக்கு. 'சத்தி'யில பகிடி இல்ல. மகியங்கனை மலை ரோட்டு வளைவுகள்ள தேசிக்காய மூக்குல வச்சுக்கொண்டு அம்மம்மா 'ஓங்காளம் வருதுடா' எண்டுவா, எவ்வளவு நல்ல சொல், ஆனா அது சத்திக்கு முன்னுக்கு வாறது.

வாற வெள்ளி குடுக்கோணும். வாழைச்சேனை, கல்லடி, கல்முனை, திருக்கோயில் பக்கம் கடலுக்குப் போற பெடியன்மார் சத்தி எடுக்கிறவன என்ன சொல் சொல்லிப் பகிடி பண்றவங்க?