உள்ளேயே இருந்துகொண்டு பால்வீதியின் வடிவத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

அம்மாபேட்டை மணி:
போன மே மாதம் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் தங்கியிருந்தோம். நள்ளிரவுக்கு மேல் கரண்ட் போய்விட்டது. தென்கிழக்கே வெளிறிய பட்டை ஒன்று தெரிந்தது. பால்வீதி என்றார் மாமா. புத்தகத்தில் அது மேலேயிருந்து எடுத்த படம் மாதிரி சுருளாக இருக்கிறது. யாரும் வெளியே போனதே இல்லையே, வடிவம் எப்படித் தெரிந்தது?

அடிவாரத்து வாத்தியார்:
தம்பி, அது புகைப்படம் இல்லை, அளந்து வரைந்த ஓவியம். பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்த காலத்தில் எனக்கு மிகப் பிடித்த பாடம் இது.

ஏற்காடு ஏரிக்கரையில் பனிமூட்டம் இறங்கினால் எந்தப் பக்கமும் பத்தடிதான் தெரியும், நாமே நடுவில் நிற்பதுபோல் தோன்றும். 1785இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் திசைதிசையாக விண்மீன்களை எண்ணிப் படம் போட்டபோது சூரியன் ஏறக்குறைய நடுவில் வந்தது இப்படித்தான். தூரத்து ஒளியைத் தூசு மறைப்பதை 1930இல் டிரம்ப்ளர் நிறுவினார்.

அதற்கு முன்பே, 1918இல், ஹார்லோ ஷாப்லி ஒரு வழி கண்டார். லட்சக்கணக்கான விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட கொத்துகள் உண்டு. பல கொத்துகள் பால்வீதியின் தூசு நிறைந்த தட்டுக்கு மேலும் கீழும் இருப்பதால் தெளிவாகத் தெரியும். ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை வைத்து அவற்றின் தூரத்தைக் கணக்கிட்டார். அவை நம்மைச் சுற்றிச் சமமாக இல்லை, தனுசு ராசிப் பக்கமே குவிந்திருந்தன. அப்படியானால் மையம் அங்கே! இன்றைய கணக்கில் சுமார் 26,000 ஒளியாண்டு. மூலத்துக்கும் பூராடத்துக்கும் இடையில் பாருங்கள், அந்தத் திசைதான்.

சூரமங்கலம் கயல்:
சார், பால்வீதியின் சுருள் கைகளைக் காட்டியது ரேடியோ அலைதான், அதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஹைட்ரஜன் வாயு 21 சென்டிமீட்டர் அலையை வெளியிடும் என்று 1944இல் வான் டி ஹல்ஸ்ட் கணித்தார். 1951இல் ஹார்வர்டில் ஈவனும் பர்செலும் அதைப் பிடித்தார்கள். தூசு அதைத் தடுக்காது. வாயு நெருங்கினால் அலைநீளம் குறையும், விலகினால் கூடும். அந்த வேகத்தை வைத்து வாயு எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடலாம்.

அம்மாபேட்டை மணி:
சரி அக்கா, மையத்துக்கு அந்தப் பக்கம்?

அடிவாரத்து வாத்தியார்:
சிக்கலே அங்கேதான். மையத்துக்கு நேர் பின்னால் இருக்கும் வாயு நமக்குக் குறுக்காக ஓடுகிறது. நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை, அதனால் வேகக் கணக்கு கைகொடுக்காது. சுமார் 180 கோடி விண்மீன்களைப் பதிவுசெய்த கையா விண்கலமும் (2025இல் பணி முடிந்தது) கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பார்த்ததால் அங்கே தூசில் திணறியது.

அதற்கும் ரேடியோவே வழி காட்டியது. ஹவாய் முதல் வர்ஜின் தீவுகள் வரை பரவிய 10 ரேடியோ ஆன்டெனாக்களை ஒன்றாக இயக்குகிறார்கள். பூமி சூரியனைச் சுற்றும்போது, பெரிய விண்மீன்கள் பிறக்கும் ஒரு மேகம் வானில் எவ்வளவு இடம் மாறித் தெரிகிறது என்று அளந்தார்கள். ஒரு டிகிரியைப் பல கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்கு, அவ்வளவுதான் அந்த இடமாற்றம்! 2017இல் விடை வந்தது: அந்த மேகம் இருக்கும் தூரம் சுமார் 66,000 ஒளியாண்டு, மையத்தைத் தாண்டி மறுபுறத்தில்.