கல்யாணச் செலவை எங்கே குறைக்கலாம்?

கேள்வி: தங்கைக்குத் தை மாதம் கல்யாணம், மதுரையில். அப்பா இல்லை, பொறுப்பு என்னுடையது. கையில் 6 லட்சம் இருக்கிறது, கடன் வாங்க எனக்கு மனசில்லை. எதில் கை வைக்கலாம்?

பதில்: தம்பி, முதலில் இலைக் கணக்கைப் பாருங்கள். என் மகள் கல்யாணத்துக்கு 400 இலை சொன்னோம், வந்தது 290 பேர், ஆனால் சமையல்காரருக்கு 400க்கும் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று, இன்னும் மனசு ஆறவில்லை. குறைவாகச் சொல்லிவிட்டு, கூடுதல் இலைக்கு என்ன விலை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பந்தியில் நம்ம ஆள் ஒருத்தர் நின்று எண்ணட்டும்.

பதில்: மண்டப வாடகையை மட்டும் கேட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கரண்ட், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு எல்லாம் பல இடங்களில் தனி.

பதில்: கோயிலில் தாலி கட்டிவிட்டு, பக்கத்தில் சின்ன ஹாலில் சாப்பாடு போடலாமே, நாங்கள் அப்படித்தான் செய்தோம், நிறைவாக இருந்தது. அப்புறம், கோயில் ரசீதோடு விட்டுவிடாதீர்கள்: 2009 சட்டப்படி 90 நாளுக்குள் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

கேட்டவர்: ரொம்ப நன்றி. கோயில் யோசனை அம்மாவுக்கும் பிடித்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் நாளைக்கே பேசுகிறேன்.