பொட்டு எங்கே என்று ஆட்டுக்குத் தெரியும்

சம்பூரிலிருந்து எழுதுகிறேன். ஆடு வளர்ப்பு என்றதும் எல்லோரும் இலாபக் கணக்கைத்தான் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பவை மூன்றே மூன்று ஆடுகள். விற்பதற்கும் இல்லை, இறைச்சிக்கும் இல்லை. அம்மாவுக்குத் துணையாக வந்தவை, இன்று வீட்டு ஆட்களாகிவிட்டன. இப்படி ஆசைக்கு நாலைந்து ஆடுகளை வைத்திருப்பவர்கள் வேலியோடு பட்ட பாட்டைச் சொன்னால், புதிதாகக் காணி அடைக்கப் போகிறவர்களுக்கு உதவும். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2006இல் போரால் ஊரை விட்டு ஓடினோம். 2016இல் மறுபடி காணிக்குள் கால் வைத்தபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்கூடத் தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் ஈச்சம்பற்றையும் நாயுருவியும். எது எங்கள் காணி, எது பக்கத்துக் காணி என்று அப்பாவுக்கே தடுமாற்றம். அப்போதுதான் கிளுவை மரங்கள் கண்ணில் பட்டன. என் சின்ன வயதில் அப்பா கதியாலாக, அதாவது உயிர்வேலித் தடிகளாக, நட்டவை. வெட்ட ஆளில்லாமல் பத்து வருடத்தில் மரமாகி, ஒரே நிரையில் நின்றன. அப்பா ஒவ்வொரு மரமாகத் தொட்டுத் தொட்டு நடந்துபோய் மூலையில் நின்றார். "இதுதான் எங்கள் தெற்கு எல்லை" என்றார். அதற்குமேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

உயிர்வேலியின் அருமையை அன்று கண்ணால் கண்டவன், அடுத்து செய்தது பிழையான வேலை. ஒன்றரை ஏக்கரையும் சுற்றிக் கொங்கிறீற்றுத் தூண் நட்டு ஐந்து வரி முட்கம்பி இழுத்தேன். கட்டாக்காலி மாடு ஒன்றும் உள்ளே வராது என்று வேலி போட்டவர் உறுதி சொன்னார். மாடு வரவில்லைதான். ஆடுகளோ நினைத்த நேரம் வெளியே போய் வந்தன.

எங்கள் தாயாட்டுக்குச் செம்பி என்று பெயர். உடம்பெல்லாம் செம்மண் நிறம், நெற்றியில் மட்டும் வெள்ளை. அவள் வேலி கடப்பதை ஒருநாள் கிணற்றடியில் நின்று முழுதாகப் பார்த்தேன். மேய்கிறவள்போல வேலியோரமாக நடந்தாள். நிலம் சற்றுப் பள்ளமாகிற இடத்தில் நின்றாள். முன்னங்கால் இரண்டையும் மடித்து முழங்காலில் இறங்கினாள். தாடையை மண்ணோடு வைத்துத் தலையைக் கீழ்க்கம்பிக்கு அடியால் விட்டாள். பிறகு முதுகைத் தாழ்த்திப் பின்னங்காலால் ஓர் உந்து. கம்பி அவள் முதுகு மயிரை வாரிக்கொண்டே போனது. வெளியே போனதும் எழுந்து உடம்பை ஒருதரம் உதறிவிட்டு, திரும்பியும் பாராமல் நடந்தாள். கம்பி முள்ளில் செம்மயிர் கொஞ்சம் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. வேலியில் இப்படி நுழையக்கூடிய ஓட்டையைத்தான் பொட்டு என்போம். அன்றே அந்தப் பொட்டுக்கு அலம்பல், அதாவது வெட்டிய சிறு கிளைகள், வைத்து அடைத்தேன். மறுநாள் இருபது முழம் தள்ளி வேறொரு பொட்டு. என் கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்த நிலத்தில் அவளுக்கு எத்தனை பள்ளம் தெரிந்தது!

ஒருமுறை கம்பி அவள் முலைக்காம்பைக் கிழித்தது. அப்போதாவது நான் விழித்திருக்க வேண்டும். மருந்து பூசிவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன்.

பிறகு ஒரு சோழகக் காலம். புல் பூண்டெல்லாம் காய்ந்து கிடந்தது. பக்கத்துக் காணி அக்காவின் மரவள்ளி மட்டும் பச்சையாக நின்றது. மத்தியானம் செம்பியும் அவளுடைய மறிக்குட்டியும் அதற்குள் போய் இளங்குருத்துகளைத் தின்றுவிட்டன. பச்சை மரவள்ளி இலை வயிற்றுக்குள் போனால் சயனைட் நஞ்சாக மாறும் என்பது பெரியவர்கள் சொல்லி எனக்குத் தெரிந்ததுதான். அக்கா கத்திக் கூப்பிட்டு நான் ஓடிப்போனபோது குட்டி விழுந்து கால்களை அடித்துக்கொண்டு கிடந்தது. வாயில் நுரை. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. செம்பி நின்றபடியே நடுங்கினாள். கால்நடை வைத்தியர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர முக்கால் மணித்தியாலம் ஆனது. செம்பிக்கு நாளத்தில் ஊசி போட்டுக் காப்பாற்றினார். குட்டி அதற்கு முன்பே என் மடியில் அடங்கிவிட்டது. அக்கா எங்களைத் திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் வரம்பில் உட்கார்ந்து, "என் மரவள்ளியால் உன் குட்டி போய்விட்டதே தம்பி" என்று அழுதார். மரவள்ளிக்கு நட்டஈடு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். அவர்மேலும் பிழை இல்லை, ஆட்டின்மேலும் பிழை இல்லை. பிழை என் வேலியில்.

அந்த வாரமே வேலி முழுவதையும் முழங்காலில் தவழ்ந்து சுற்றினேன். ஆட்டின் கண் நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தலையை வைத்துப் பார்த்தால்தான் பொட்டு தெரியும். பதினேழு எண்ணினேன். ஒன்றரை ஏக்கரையும் ஆட்டுக்காக அடைக்கும் எண்ணத்தை அத்தோடு விட்டேன். கால் ஏக்கரை மட்டும் பிரித்து, எட்டடிக்கு ஒரு தூண் நட்டு, நாலடி உயரத்தில் வலைக்கம்பி அடித்தேன். வலையின் கீழ் ஓரத்தை அரையடி மண்ணுக்குள் புதைத்துக் கல் அடுக்கினேன். மூலைத் தூண்களுக்குச் சாய்வாக முட்டுக்கொடுத்த தடிகளை வெளிப்பக்கம் மாற்றினேன். உள்ளே இருந்தால் ஆடு அதில் ஏறித் தாவிவிடும்.

வலைக்கு வெளியே மூன்றடி தள்ளிச் சீமைக்கிளுவை நட்டேன். மணிக்கட்டுத் தடிப்பில் ஆறடித் தடிகள், ஐப்பசி மழைக்கு மண் இளகியபின் ஒன்றரையடி ஆழத்தில். ஆட்டுக்கு எட்டினால் பட்டையை உரித்துவிடும், பட்டை போனால் கதியால் பட்டுவிடும். அதற்காகத்தான் அந்த மூன்றடி. இப்போது அந்த நிரையிலிருந்தே தினமும் குழை வெட்டிக் கட்டுகிறேன். வெட்டியதும் கொடுத்தால் மணத்துக்கு முகத்தைத் திருப்புகிறவை, அரைநாள் வாடவிட்டால் போட்டி போட்டுத் தின்கின்றன.

படலையைப் பற்றி ஒரு வார்த்தை. கயிற்று வளையம் போட்டுக் கட்டாதீர்கள். எங்கள் நலந்தட்டிய (காயடித்த) கிடாய் அதை உதட்டால் தூக்கிக் கழற்றப் பழகிவிட்டான். சங்கிலியும் கொளுக்கியும்தான் சரி.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

நிலாவெளியிலிருந்து:

தம்பி, குட்டியைப் பற்றி வாசித்து மனம் கனத்துவிட்டது. உங்கள் வேலி இனி ஆட்டை உள்ளே வைத்திருக்கும். நாய் உள்ளே வராமல் தடுக்குமா என்பதையும் ஒருதரம் பாருங்கள். எங்களிடம் நான்கு ஆடுகள் இருந்தன, நல்ல வலை வேலியும் இருந்தது. ஒரு விடியற்காலை மூன்று தெருநாய்கள் வலைக்கு அடியால் மணலைக் கிளறிக்கொண்டு வந்துவிட்டன. நிலாவெளி மணல் எப்படி என்று தெரியும்தானே, நாய்க்கு அது ஐந்து நிமிட வேலை. வெட்டவெளியாக இருந்திருந்தால் ஆடுகள் ஓடித் தப்பியிருக்கும். வேலி இருந்ததால் மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. இரண்டை இழந்தோம். கடிபட்டுப் பிழைத்த ஒன்று மூன்று மாதமாக ஆள் நிழலைக் கண்டாலும் நடுங்கியது. இரவில் என் மனைவி அதன் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துத்தான் தேற்றினாள்.

அதன்பிறகு பரண் கொட்டில் கட்டினோம். நிலத்திலிருந்து மூன்றடி உயரம், தளத்துக்கு மரச்சட்டம். சட்டத்துக்குச் சட்டம் அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூட இடைவெளி விட்டோம். புழுக்கை கீழே விழும், குட்டியின் கால் சிக்காது. பொழுதுபடும்போது ஏறிவிட்டால் விடியும்வரை கதவு பூட்டுத்தான். கீழே விழுகிற புழுக்கை எல்லாம் தென்னைக்குப் போகிறது. மணல் நிலத்தில் வேலியை மட்டும் நம்பி யாரும் நித்திரைக்குப் போக வேண்டாம்.

கிண்ணியாவிலிருந்து:

வலைக்கம்பி வாங்கும்போது கண்ணின் அளவைப் பாருங்கள். ஆறு அங்குலக் கண் உள்ளதை வாங்கி நான் பட்டேன். கொம்புள்ள ஆடு தலையை முன்னுக்கு விட்டுவிடும், பின்னுக்கு எடுக்கும்போது கொம்பு மாட்டிக்கொள்ளும். லுஹர் தொழுகை முடிந்து வந்து பார்த்தால் எங்கள் வெள்ளைச்சி கொளுத்தும் வெயிலில் வலையில் தொங்குவதுபோல நின்றாள், நாக்கு வெளியே. குறட்டால் கம்பியை வெட்டி எடுத்தோம். தலையில் தண்ணீர் ஊற்றி நிழலில் விட்டபின் அரை மணித்தியாலம் கழித்துத்தான் எழுந்து நின்றாள். இப்போது கொம்போடு குறுக்காக ஒரு தடியைக் கட்டிவிடுகிறோம், வலைக்குள் தலை போகாது. இனி வாங்குபவர்கள் நான்கு அங்குலத்துக்கு மேற்பட்ட கண்ணை வாங்காதீர்கள்.

தம்பலகாமத்திலிருந்து:

வேலியைப் பற்றித்தான் தம்பி கேட்டிருக்கிறீர்கள். நான் அடைப்பைப் பற்றி எழுதுகிறேன், அதுவும் இதோடு சேர்ந்ததுதான்.

2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் நேரம் அடித்த குளிர் யாருக்கும் மறந்திருக்காது. வடக்கிலும் கிழக்கிலும் மாடும் ஆடும் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. எங்கள் ஆடுகள் நின்ற கொட்டிலுக்கு நான்கு பக்கமும் கம்பிதான். வெயில் காலத்தில் காற்றோட்டம் வேண்டும் என்று நானே அப்படிக் கட்டுவித்தேன். அன்றிரவு வயல்வெளியைத் தாண்டி வந்த வாடைக்காற்று மழையோடு நேரே உள்ளே அடித்தது. இரண்டு கிழமை வயதில் இரட்டைக் குட்டிகள் இருந்தன. பார்க்கப் போனபோது ஒன்று கழுத்தை மடித்துக் கிடந்தது, வாய்க்குள் விரலை விட்டால் பச்சைத் தண்ணீர்போலக் குளிர். இரண்டையும் சட்டைக்குள் வைத்துக் குசினிக்குக் கொண்டுவந்தேன். அடுப்பை மூட்டி, சாக்கைச் சூடுகாட்டிச் சூடுகாட்டித் தேய்த்தேன். உடம்பு சூடாகுமுன் பால் பருக்கக்கூடாது என்று என் மாமியார் சொல்லியிருக்கிறார், விழுங்க முடியாமல் நெஞ்சுக்குள் போய்விடும். விடியற்காலை மூன்று மணிபோல ஒன்று என் விரலைச் சப்பத் தொடங்கியது. அந்தச் சந்தோசத்தை எப்படி எழுதுவேன்! மற்றதும் சற்று நேரத்தில் தலை தூக்கியது. அதன்பிறகுதான் தாய்ப்பால் கறந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினேன்.

இப்போது கார்த்திகை பிறக்குமுன் வடக்குக்கும் கிழக்குக்கும் கிடுகு கட்டி, அதன்மேல் தறப்பாள் இழுத்துவிடுகிறேன். தை கழிந்ததும் அவிழ்த்துவிடுவேன். மற்ற இரண்டு பக்கமும் எப்போதும் திறந்தபடிதான். மாடு பட்டிக்குப் பக்கத்தில் ஆடு வைத்திருப்பவர்கள் மாரி காலத்தில் நுளம்பையும் கவனியுங்கள். மாட்டின் உடம்பில் இருக்கிற புழு ஒன்றை நுளம்பு ஆட்டுக்குக் கடத்துகிறது. அது தண்டுவடத்துக்குள் போனால் ஆட்டின் பின்னங்கால் இழுத்துக்கொள்ளும். எங்கள் வைத்தியர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பொழுதுபட வேப்பிலைப் புகை போடுகிறேன். பின்னங்கால் தள்ளாடினால் அடுத்த நாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள், அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள்.

பன்குளத்திலிருந்து:

எங்கள் பக்கம் வேலியைப் பிரிப்பது யானை. ஆட்டை அது ஒன்றும் செய்யவில்லை. கொட்டிலுக்குப் பக்கத்து அறையில் நெல் மூட்டை வைத்திருந்தேன், அதைத் தேடித்தான் வந்தது. வலை, தூண், படலை எல்லாம் ஒரே நேரத்தில் போயின. வெருண்டோடிய ஆடுகளைக் காட்டோரமாக இரண்டு நாள் தேடினேன். தவிட்டுச் சத்தத்துக்குப் பழக்கியிருந்தபடியால் தகர டப்பாவைக் குலுக்கிக் குலுக்கி ஐந்தையும் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நெல்லையும் தவிட்டையும் ஆட்டுக்கொட்டிலுக்கு அருகே வைக்காதீர்கள்.

மறுபடியும் சம்பூரிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. நிலாவெளி அண்ணா, நீங்கள் எழுதியதை வாசித்த இரவே டோர்ச்சை எடுத்துக்கொண்டு வலையோரமாகப் போனேன். கிழக்கு மூலையில் கல் இரண்டு புரண்டு, வெளியிலிருந்து புதிதாகக் கிளறிய மண் கிடந்தது. நாயோ நரியோ, தெரியவில்லை. அவ்விடத்தில் பழைய முட்கம்பியை நிலத்தோடு சேர்த்து ஒரு வரி இழுத்திருக்கிறேன், வலைக்கு வெளிப்பக்கமாக, ஆட்டின் உடம்பில் படாதபடி. பரணுக்கு மரம் பார்க்க நாளை மூதூருக்குப் போகிறேன்.

தம்பலகாமம் அக்கா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். செம்பி வைகாசியில் கிடாய்க்குப் போனாள். ஐந்து மாதக் கணக்கில் ஐப்பசியில் ஈன வேண்டும், மழை தொடங்குகிற நேரம். வயிற்றைப் பார்த்தால் இரண்டு குட்டி என்று அம்மா சொல்கிறார். கிடுகை அதற்கு முன்பே கட்டிவிடவா, அல்லது புழுக்கம் கூடிவிடுமா? பக்கத்துக் காணி அக்கா இந்த முறை மரவள்ளியை எங்கள் வேலியிலிருந்து நான்கு நிரை தள்ளி வைத்திருக்கிறார். நான் கேட்கவில்லை, அவராகவே தள்ளி நட்டார். ஈன்றதும் கடும்புப்பால் முதலில் அவர் வீட்டுக்குத்தான் என்று அம்மா இப்போதே சொல்லிவைத்துவிட்டார்.